தட்டாமல் விட்ட உத்திரம்

மின்வாரியத்து ஆள் இன்னும் வரவில்லை. அவர் வந்து ஃபியூஸைப் பிடுங்கித் தெருவுக்குக் குறுக்கே போகிற கம்பியில் கரண்டை நிறுத்தினால்தான் கிரேன் கையை நீட்டும். அது கை நீட்டினால்தான் லாரியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிற ஏசி மிஷின் ஆவுடையப்பன் ஜவுளிக்கடையின் மொட்டை மாடிக்கு வந்து சேரும். அதுவரைக்கும் மங்கையர்க்கரசிக்கு வேலை ஒன்றுமில்லை. கட்டட இன்ஜினீயருக்கு வேலையில்லாமல் உட்காருவதைப் போல ஆபத்து வேறில்லை, மண்டை தன்பாட்டுக்கு மேயக் கிளம்பிவிடும். படிக்கட்டு அறையின் நிழலில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடிவயிற்றில் காலையிலிருந்தே ஒரு பிடி, கை விட்டு முறுக்குகிற மாதிரி, விட்டு விட்டு. இன்றைக்குப் பார்த்துத்தானா வரவேண்டும். வரும், அதற்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது, திருநெல்வேலி டவுன் ரதவீதியில் ஒரு எண்பது வயசுக் கட்டடத்தின் தலையில் ஒரு வேன் அளவுக்கு மிஷினை ஏற்றப்போகிறாய் என்றும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே பார்த்தாள். எதிரே இரும்புக் கட்டில். சவரிமுத்துவின் ஆட்கள் வைத்த பெயர் அது. இரும்பு வேலை முழுக்க அவர் ஒப்பந்தம். நான்கு கால், நடுவே குறுக்குச் சட்டங்கள், மேலே சிவப்பு பெயின்ட். மிஷின் வந்து படுக்கப்போகிற கட்டில். நன்றாகத்தான் இருந்தது. மூன்று கால்கள் நன்றாக இருந்தன. நான்காவது காலின் மேல் கண் போனபோதெல்லாம் வயிற்றில் அந்தப் பிடி கொஞ்சம் இறுகுவது போலத் தோன்ற, சீ, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்தக் கட்டடத்தில் கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கி நிறுத்திய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு. ஒழுகிய போதெல்லாம் முதலாளிமார் ஆளுக்கொரு பூச்சுப் பூசி, பழைய சட்டையைக் கழற்றாமல் புதுச்சட்டை மாட்டுகிறவன் மாதிரி மாடியைக் கனக்க வைத்திருந்தார்கள். அதையெல்லாம் முதலில் கொத்தி அள்ளிக் கீழே இறக்கினாள். அப்புறம் மேல்மாடியில் ஒவ்வொரு அறையிலும் உத்திரங்களுக்கு அடியில் சுவருக்குச் சுவர் இரும்பு கொடுத்து முட்டுக் கொடுத்தாள். துணி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் கொடுத்தாள், கடைப் பிள்ளைகள் சாப்பிடுகிற அறையில் கொடுத்தாள், கணக்கர் அறையில் கொடுத்தாள். பூஜை அறையில் மட்டும் இல்லை. கடை முதலாளி அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மேடம், அந்த ரூமுக்குள்ள வெல்டிங் வேண்டாம், சுவரைக் குடையவும் வேண்டாம், எங்க அய்யா காலத்து ரூமு. பூஜை அறையைக் கொண்டுபோய் உச்சி மாடியில் வைத்தது அவருடைய அய்யாதான். சாமி தலைக்கு மேலே யார் காலும் நடமாடக் கூடாதாம். நடமாடக் கூடாத இடத்தில் மிஷினைக் கொண்டு வைக்கலாமா அண்ணாச்சி என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஆகவே நான்காவது கால் மட்டும் அந்த அறையின் பழைய தேக்கையே நம்பி நின்றது. தேக்கு நல்ல தேக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தாள், தாங்கும். உத்திரம் நன்றாக இருந்தால் தாங்கும். நன்றாக இருந்தால் என்று ஏன் இப்போது சேர்த்துக்கொண்டேன். கணக்கில் அப்படி ஒரு சொல் இல்லையே.

"மேடம், காப்பி." ஆவுடையப்பன் அண்ணாச்சி தம்ளரை டவராவோடு நீட்டிக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் மூன்று பட்டை. அறுபதைத் தாண்டிய உடம்பு, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. "வெயிலேறுததுக்கு முன்ன முடிச்சிரலாம்லா?"

"முடிச்சிரலாம் அண்ணாச்சி. கரண்ட்காரர் வரணும், அவ்வளவுதான்."

"வந்துருவான். முருகன் உத்தரவு குடுத்த வேலை, நிக்காது." கட்டிலைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினார். "உங்க மதினி உள்ள தயாரா இருக்கா. கடைப் பிள்ளைகளையும் வரிசையா நிறுத்தியாச்சு. மேல மிஷின் கால் ஊணவும் கீழ சூடம் காட்டவும் ஒண்ணா நடக்கணும், பாத்துக்கிடுங்க. நல்ல நேரம் முடியுததுக்குள்ள."

சரி அண்ணாச்சி என்றாள். நேற்றும் சரி அண்ணாச்சி என்றுதான் சொன்னாள். தூக்குகிற நேரத்தில் மேல்மாடியில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது என்று எந்த வேலையிலும் ஒற்றைக் காலில் நிற்கிறவள், இந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் சரி என்றுவிட்டாள். அந்த முகத்தில் இல்லை என்று சொல்ல யாருக்கு வரும். புறவழிச்சாலையில் பெரிய பெரிய கடைகள் வந்த பிறகு இந்தக் கடைக்குள் கால் வைக்க ஆளில்லை. உள்ளே வந்தால் வேர்க்கிறது என்று பட்டுச்சேலை விரித்த விரிப்பிலேயே எழுந்து போனார்களாம். ஏசி போடு, இல்லையென்றால் கடையைச் சாத்து என்று எல்லோரும் சொல்ல, போன ஐப்பசி மழையில் இந்த மனுஷன் ராத்திரி பகல் தூங்காமல், பூஜை அறையில் திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அப்பனே, வைக்கட்டுமா, வேண்டாமா. மறுநாள் விடியக்காலம் பார்த்தால் படத்துக்கு அடியில் பித்தளைத் தட்டில் விபூதி. வெள்ளை வெளேரென்று ஒரு சிட்டிகை. யாரும் போடவில்லை. கதவு பூட்டிக் கிடந்தது. அதற்கு மறுநாளும் விபூதி. இன்றுவரைக்கும் நிற்கவில்லை. இதைச் சொன்னபோது அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அரசிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மனதுக்குள் சிரித்துக்கொண்டாள், ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை. பாவம், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கிறது, பிடித்துக்கொள்ளட்டும் என்ற சிரிப்பு. அதோடு அதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாயே அரசி, என்ன விபூதி, எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டாயா. ஏன் கேட்கவேண்டும். சாமி சமாச்சாரத்தில் இன்ஜினீயருக்கு என்ன வேலை. காப்பி ஆறிப்போயிருந்தது. அண்ணாச்சி எப்போது நகர்ந்து போனார் என்று தெரியவில்லை, சவரிமுத்துவிடம் ஏதோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிடி மறுபடியும் வந்தது. இந்த முறை இடுப்பையும் சேர்த்து. இதே வலி, இதே மாடி, இதே மாதிரி படிக்கட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறியது, எப்போது, ஆமாம், உத்திரங்களைச் சோதிக்க வந்த அன்றைக்கு. அன்றைக்கும் இதேதான். சுத்தியலும், ஸ்குரூ திருகுகிற திருப்புளியும் கையில், ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இரண்டு பேர். உத்திரத்தைத் தட்டினால் அது பேசும். நடுவில் தட்டிப் பிரயோஜனமில்லை, நடு எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும். சுவருக்குள் நுழைகிற முனையில் தட்டவேண்டும், அங்கேதான் ஈரம் தங்கும், அங்கேதான் உளுக்கும். நல்ல கட்டை என்றால் ணங்கென்று திருப்பிக் கொடுக்கும். உளுத்த கட்டை பொத்தென்று வாங்கிக்கொள்ளும், பதிலே வராது. சந்தேகம் வந்தால் திருப்புளியை வைத்து அமுக்கவேண்டும், போகக் கூடாது. கிட்டங்கியில் எல்லா உத்திரமும் தட்டினாள், ஒவ்வொரு முனையிலும் ஏறி இறங்கி, வலியோடு, சாக்கட்டியால் டிக் போட்டுப் போட்டு. சாப்பாட்டு அறையில் தட்டினாள். கணக்கர் அறையில் தட்டினாள். அப்புறம் பூஜை அறை. வாசலில் அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள் மதினி நின்றாள், குங்குமம் பெரிதாய் வைத்த முகம், வாங்க மேடம், செருப்ப மட்டும் இங்ஙன விட்டுட்டு வாங்க என்றாள். செருப்பைக் கழற்றினாள். வலது காலைத் தூக்கினாள். கால் நிலைப்படிக்கு மேலே போகவில்லை. அவ்வளவுதான். யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தெரியாது, மதினிக்கு எப்படித் தெரியும். காலுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குத் தூரம் என்றால் எதைத் தொடக் கூடாது, எங்கே நிற்கக் கூடாது என்று பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் பதின்மூன்று வயசில் பழகிய கால் அது. படித்தது தலைதானே, கால் எந்தக் காலேஜுக்குப் போனது. கால் தானாகவே திரும்பி இந்தப் பக்கமே ஊன்றிக்கொண்டது. இங்கிருந்தே தெரியுது மதினி, நல்லாத்தான் இருக்கு என்று வாய் சொன்னது. தெரிந்தது என்ன. சூடப் புகையில் கருத்துப்போய், எண்ணெய் பூசியது போல மினுங்கிக்கொண்டு, நடு. நல்ல பிள்ளை நடு. முனை தெரியவில்லை. முனைக்குக் கீழே முருகன் படம் இருந்தது, தோரணமும் மாலையும் முனையை மறைத்திருந்தன.

சிரிப்பாய்ச் சிரிக்கும் ஊர். போன வருஷம் மகள் வயசுக்கு வந்தபோது வீட்டில் என்ன கூத்து அடித்தாள் இந்த மங்கையர்க்கரசி. ஒரு மூலையும் கிடையாது, ஒரு தட்டும் தனியாகக் கிடையாது என்று மாமியாரோடு மல்லுக்கு நின்று, அடுத்த மாதமே மகளை அந்த நாளிலேயே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மன் சந்நிதியில் நிறுத்தினாள். பாத்தியா, ஒண்ணும் ஆகல, அதெல்லாம் சும்மா என்று தோளில் தட்டினாள். மகள் கண்ணை உருட்டி நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு நின்றது, அம்மா கையை விடவே இல்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு ஜவுளிக்கடையின் பூஜை அறை வாசலில் சத்தம் காட்டாமல் நின்று, சத்தம் காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். சுயமரியாதை எல்லாம் மகளுக்கு, கால் மட்டும் அம்மாவுக்கு. இதை யாரிடம் சொல்ல. சவரிமுத்துவிடமா. அவர் இருபது ஆம்பிளைகளை வைத்து வேலை வாங்குகிறவர், மேடம் சொன்னா மேடம் சொன்னதுதான் என்று அந்த இருபது பேரிடமும் சொல்லிவைத்திருக்கிறவர். அவர் முன்னால் போய், அண்ணே, அன்னைக்கு எனக்கு இன்னது, அதனால ஒரு உத்திரத்தத் தட்டாம விட்டுட்டேன் என்றா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பொம்பளையாச்சே, இவளால் சாரம் ஏற முடியுமா என்று பார்த்த அத்தனை கண்ணுக்கும் முன்னால் ஒரு நாள்கூட வலிக்கிறது என்று சொல்லாதவள். சொல்லவே வேண்டாம். சொல்ல என்ன இருக்கிறது. ஒரே மரக்கடையிலிருந்து ஒரே வண்டியில் வந்த தேக்கு, அடுத்த அறையில் உள்ளதெல்லாம் ணங்கென்று சொன்னது, இது மட்டும் ஏன் வேறு மாதிரி சொல்லப்போகிறது. தட்டியிருந்தாலும் டிக்தான் போட்டிருப்பாய். அப்படித்தானே. அப்படித்தான். அப்புறம் ஏன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்த மாதிரி மாடி கான்கிரீட் மாதிரி விரிசல் விட்டு, முனகி, நாள் கணக்கில் தவணை கொடுத்து விழாது. ஒரு முனை சுவரிலிருந்து நழுவும், அதோடு செங்கல் எல்லாம் பிடி விட்டுவிடும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தையற்கடைக்கு அனுப்பினார்கள், விழுந்த பிறகு, ஏன் விழுந்தது என்று எழுதிக் கொடுப்பதற்கு. மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செங்கல் குவியலுக்கு நடுவில் ஒரு தையல் மிஷின் மட்டும் நேராக நின்றது, பாதி தைத்த பள்ளிக்கூடப் பாவாடை ஊசிக்கடியிலேயே இருந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் இல்லை. பாவாடையின் நீலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கீழே இப்போது சேல்ஸ் பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒரே நிறச் சேலை, தலை நிறைய பிச்சிப்பூ, அறைக்குள் நாலைந்து பேர், வாசலில் மீதிப் பேர், கைகூப்பிக்கொண்டு. நடுவே மதினி. சூடத் தட்டோடு, முருகன் படத்துக்கு நேர் முன்னால். நான்காவது காலுக்கு நேர் கீழே.

"மேடம், வந்துட்டாரு!" சவரிமுத்துவின் குரல். தெருவில் ஒரு சைக்கிள் மணி, ஏணி சாத்துகிற சத்தம், நிறுத்தியாச்சு என்ற கூவல். கிரேன் உறுமியது. ரதவீதியில் நின்ற கூட்டத்தைப் போலீஸ்காரர் விசிலடித்து ஒதுக்கினார். கைப்பிடிச் சுவருக்கு மேலே முதலில் கொக்கி தெரிந்தது, அப்புறம் நாலு பட்டை வார், அப்புறம் மிஷினின் நரைத்த நெற்றி, மெதுவாக, யாரோ மாடிப்படி ஏறி வருகிற மாதிரி. அரசி எழுந்தாள். எழுந்ததும் வயிறு சுருட்டிப் பிடிக்க, சுவரில் கை வைத்து நின்றாள். மாத்திரை. பையில் எப்போதும் ஒரு பட்டை மாத்திரை உண்டு, ஓரத்துச் சின்னப் பாக்கெட்டில். கையை விட்டுத் துழாவினாள், கண் மிஷின் மேல், மாத்திரைப் பட்டைக்குப் பதில் விரலில் காகிதம் நெருடியது. சின்னதாய், நாலாக மடித்த காகிதம். எடுத்துப் பார்த்தாள். ஆவுடையப்பன் ஜவுளிக்கடை என்று அச்சடித்த பில் தாள். அன்றைக்கு, வாசலில் நின்றவளுக்கு அண்ணாச்சி உள்ளேயிருந்து கொண்டுவந்து கையில் போட்ட பொட்டலம். முருகன் குடுத்தது மேடம், பூசிக்கிடுங்க. வீட்ல போய்ப் பூசிக்கிடுதேன் அண்ணாச்சி என்று தலையைக் குனிந்து வாங்கி, மாத்திரையோடு சேர்த்துத் திணித்துவிட்டு அப்படியே மறந்துபோனது. ஏன் பிரித்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கை பிரித்தது. ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். வெயிலில் பார்த்தாள். வெள்ளை இல்லை. சாம்பல் வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் ஓடியது. கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்தாள். விபூதி வழுக்கும். இது நெருநெருவென்றது. சுண்ணாம்பு. சுண்ணாம்போடு மாவு மாதிரி ஏதோ. நகத்தால் கிளறினாள். ஊசி முனை அளவுக்கு ஒரு சிராய், தேன் நிறத்தில். மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். தேக்கு. உளுத்த தேக்கு. எத்தனை பழைய கட்டடத்தில் ஏணி மேல் நின்று இந்த வாடையை முகர்ந்திருக்கிறாள். ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் விழ ஆரம்பித்தது, மழையில் சுவர் ஊறி, முனை ஊறி, உளுத்து, கனம் தாங்காமல் சுண்ணாம்பை நொறுக்கிக்கொண்டு, தினம் ஒரு சிட்டிகை, தினம் ஒரு சிட்டிகை, தட்டிலே, நெற்றியிலே. நம்பிக்கை இல்லையென்று கேட்காமல் விட்டாள். நம்பிக்கை இருக்கிற கால் உள்ளே போகாமல் நின்றது. இரண்டும் அவள்தான். கையிலிருந்து காகிதம் பறந்தது. கீழே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நிறுத்துங்க!"

அவள் குரல்தானா அது. மாடியில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். மிஷின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது.

"என்ன மேடம்?" என்று சவரிமுத்து ஓடி வந்தார்.

"உள்ள கொண்டு வராதீங்க. தெருப்பக்கமே நிக்கட்டும். நான் கீழ போய்ப் பாத்துட்டு வாறவரைக்கும் கட்டில்ல வைக்கக் கூடாது."

"மேடம், நேரம் போவுது." அண்ணாச்சி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அருகில் வந்தார். "மணி அடிக்காவ, கேக்கலியா? என்ன திடீர்னு?"

"பூஜை ரூம் உத்திரத்த நான் தட்டிப் பாக்கல அண்ணாச்சி."

"அன்னைக்குப் பாத்தியளே!"

"வாசல்ல நின்னுதான் பாத்தேன்."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. புரியவைக்க நேரமில்லை. சவரிமுத்துவின் இடுப்பு பெல்ட்டிலிருந்து திருப்புளியை உருவிக்கொண்டு படியில் இறங்கினாள். இறங்கினாளா விழுந்தாளா, மூன்று படிக்கொரு படியாய் வந்து சேர்ந்தபோது வராந்தா முழுக்கப் பிள்ளைகள், பிச்சிப்பூ வாசமும் சூட வாசமுமாய். எல்லாரும் கீழ போங்க, எல்லாரும், இப்பவே, ஓடாம போங்க என்றாள். மணி நின்றது. ஒருத்தி ஒருத்தியின் முகத்தைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் சலசலவென்று படியில் இறங்கிப் போனார்கள். அறைக்குள் உலகம்மாள் மட்டும் சூடத் தட்டோடு நின்றாள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"மதினி, நீங்களும் வெளிய வாங்க. அந்த உத்திரத்தப் பாக்கணும்."

"நல்ல நேரத்துல என்னம்மா இது? அன்னைக்கே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்களே."

"பாக்கல மதினி. உள்ள வரல."

"நாந்தான் வாங்கன்னு கூப்பிட்டேனே. ஏன் வரல?"

செருப்பைக் கழற்றியாயிற்று. வலது கால் நிலைப்படிக்கு முன்னால் வந்து நின்றது, அன்றைக்கு நின்ற அதே இடம். ஒரு பொய் சொல்லலாம். அவசர வேலை, போன் வந்தது, என்னவாவது. பொய் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. அன்றைக்கும் யாருக்கும் தெரியாமல்தானே நின்றாள். தெரியாமல் நின்றதுதான் இப்போது தெருவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம் மதினி."

உலகம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சூடம் ஒரு தரம் படபடத்தது. "சொல்லிருந்தா நான் உள்ள விட்டிருக்க மாட்டேனேம்மா" என்றாள், கோபமில்லாமல், உள்ளதைச் சொல்கிற மாதிரி. அப்புறம், "இன்னைக்கு?" என்றாள்.

"இன்னைக்கும்தான்."

அரசி காத்திருந்தாள். தன் ஆயுளில் எந்த மாநகராட்சி அலுவலக வாசலிலும் எந்தப் பரீட்சை ஹால் வாசலிலும் இப்படிக் காத்ததில்லை. மேலே கிரேனின் உறுமல், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம், படியில் அண்ணாச்சி மூச்சு வாங்க இறங்கி வருகிற சத்தம். உலகம்மாள் அவள் கையில் இருந்த திருப்புளியைப் பார்த்தாள். தலையைத் தூக்கி, மாலைக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த மூலையைப் பார்த்தாள். அப்புறம் சூடத் தட்டைத் தரையில் வைத்தாள். விளக்குக்கு எண்ணெய் விட ஏறுகிற ஸ்டூல் ஒன்று சுவரோரம் கிடந்தது, அதை இழுத்து முருகன் படத்துக்கு முன்னால் போட்டாள். மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி ஒதுக்கி வைத்தாள். ஸ்டூலின் இரண்டு கால்களைக் குனிந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடும். நான் பிடிச்சுக்கிடுதேன். ஏறும்மா."

ஏறினாள். முகத்துக்கு எதிரே முனை. கருப்பாய், மினுக்கமாய், பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாத முனை. திருப்புளியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினாள். பொத். பதிலே வரவில்லை. திருப்பிப் பிடித்து முனையை வைத்து அமுக்கினாள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது, கைப்பிடி வந்து மரத்தில் முட்டுகிறவரைக்கும். உருவினாள். கருத்த தோலுக்குப் பின்னாலிருந்து தூள் குபுகுபுவென்று கொட்டியது, முருகன் படத்தின் மேல், பித்தளைத் தட்டின் மேல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த உலகம்மாளின் முகத்தின் மேல். பழக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை கும்பிடப் போகவில்லை, ஸ்டூலை விடாமல் பிடித்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால், அந்தக் காகிதம் கையில் தட்டுப்பட்டிருக்காவிட்டால் என்று அரசி நினைக்கத் தொடங்கி, முடிக்கத் தைரியமில்லாமல் விட்டாள்.

"இதுதானா அது?" என்றாள் உலகம்மாள், கண்ணைத் திறந்து.

"ஆமா மதினி."

வாசலில் அண்ணாச்சி நின்றார். நிலைப்படிக்கு அந்தப் பக்கம். உள்ளே வரவில்லை. துளையிலிருந்து இன்னும் சன்னமாய் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். கை தானாக நெற்றிக்குப் போய், பட்டையைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. கடை, பெயர், மழையில் தூங்காத ராத்திரி எல்லாம் அந்த முகத்தில் வந்து போனதை அரசி ஸ்டூல் மேல் நின்றபடியே பார்த்தாள். மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தாள், அவர் முந்திக்கொண்டார்.

"நான் கேட்டேன்" என்றார் அவர். "வைக்கட்டுமான்னு கேட்டேன். தினமும் பதில் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கான்." பாதியில் நின்ற கையை இறக்கினார். "வைக்காதலேன்னு சொல்லிருக்கான் மேடம். நான்தான் அத நெத்தியில பூசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

நானும்தான் அண்ணாச்சி, பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்று நினைத்தாள். சொல்லவில்லை, அழுகை வந்தது, அதைத்தான் மறைக்கவில்லை. உலகம்மாள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, நின்னுக்கிட்டே இருக்கிய. அந்த மிஷினக் கீழ இறக்கச் சொல்லுங்க, தெருவுல ஜனம் நிக்கி" என்றாள். அண்ணாச்சி திரும்பிப் படியேறினார். கொஞ்ச நேரத்தில் மேலே சவரிமுத்துவின் குரல் கேட்டது, கிரேனின் உறுமல் மாறியது, வார் மெதுவாகக் கீழே இறங்குகிற கிறீச்சென்ற சத்தம் சுவர் வழியாக வந்தது. தரையில் சூடம் அணைந்துபோயிருந்தது. அரசி திருப்புளியைப் புடவை முந்தானையில் துடைத்தாள்.

"பாத்து இறங்கும்மா" என்றாள் உலகம்மாள். ஸ்டூலை அவள் இன்னும் விடவில்லை.